அந்தோனின் பெயர் பட்டியலில் இல்லை

1

இந்த வைகாசி பதினெட்டுக்கு நான் மண்டபத்துக்குப் போகவில்லை. அதற்கு முதல் நாள் ஒஸ்லோ முழுக்கக் கொடி பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டது. இந்த நாட்டின் பெருநாள் அது. அதற்கு அடுத்த நாள் இங்குள்ள தமிழர்கள் நாங்கள் அந்த மண்டபத்தில் கூடி, முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக விளக்கேற்றுவோம். ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

என் மகள் ஆரணி இங்கேயே பிறந்தவள். ஒரு நூலகத்தில் வேலை செய்கிறாள், தனியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரொம்மனில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டாள். பிறகு மேல்வகுப்பில் ரஷ்ய மொழியைத் தெரிவு செய்தபோது எனக்கும் மனைவிக்கும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்திலும் அதையே படித்தாள். உக்ரைன் போருக்கு முன்னர் ஓர் ஆண்டு ரஷ்யாவில் தங்கிப் படித்துவிட்டும் வந்தாள். தன் பெயரைத் தமிழில் எழுத ஒரு நிமிடம் யோசிக்கிற பிள்ளை, ரஷ்யச் செய்தித்தாளைத் தேநீர் குடித்துக்கொண்டே வாசிப்பாள்.

போன ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, சோற்றுக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சுடுகாட்டுப் படங்கள். புதிய மண்மேடுகள், மலர்வளையங்கள், சீருடையில் பெடியன்களின் முகங்கள்.

"என்ன பிள்ளை உது?"

"ரஷ்யாவில செத்துப்போன ஆமிக்காரரை எண்ணுறம் அப்பா. கொஞ்சப் பத்திரிகைக்காரர் தொடங்கினது. நானும் சேர்ந்து செய்யிறன். சம்பளமில்லை, ஃப்ரிவில்லி, விரும்பிச் செய்யிறது."

அரசாங்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்வதில்லை என்றாள். அதனால் இவர்கள் ஊர்ப் பத்திரிகைகளையும், பள்ளிக்கூடங்களின் இணையப் பக்கங்களையும், சுடுகாட்டில் ஆட்கள் எடுத்துப் போடுகிற படங்களையும் தேடிப் பார்க்கிறார்கள். பெயர், ஊர், பிறந்த ஆண்டு. ஆதாரம் இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. "உக்ரைன்காரரின்ரை வீடுகளை இடிச்சவங்களையோ? அதுகளின்ரை பிள்ளையளை ஆர் எண்ணுறது?"

"அதை வேற ஆக்கள் எண்ணுகினம். இவங்களை ஒருத்தரும் எண்ணேல்லை எண்டா ஒளிச்சுப்போட்டு இன்னும் ஆக்களை அனுப்பிக்கொண்டேயிருப்பாங்கள், அப்பா."

"சோத்துக்கு முன்னால பிணக்கதை வேண்டாம்," என்றாள் மனைவி. ஆரணி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகு மூவரும் கத்தரிக்காய்க் கறியைப் பற்றிக் கதைத்தோம்.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிற கலீனா ரஷ்யாக்காரி. நோர்வேக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து வந்தவள்; அவர் செத்துப்போய்விட்டார்; இப்போது ஒஸ்லோவின் இன்னொரு ஓரத்தில், ஹவுகெட்டோவில் தனியாக இருக்கிறாள். உக்ரைன் எல்லைக்கு அருகில் ஒரு சிறிய பட்டணம் அவளுடைய ஊர். அங்கே அவளுக்கு ஒரு தங்கை, வேரா. வேராவுக்கு ஒரே மகன், அந்தோன்.

போர் தொடங்கிய பிறகு இடைவேளை மேசையில் கலீனாவுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள், அவ்வளவுதான். மேல்மாடிக்குப் புதிதாக வேலைக்கு வந்த உக்ரைன் பெண் ஒருத்தி அவளைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவளுடைய தெருவே இப்போது இல்லை.

எனக்கு வேறு கதிரை தேடத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் நோர்வே மொழி அரைகுறை. இரண்டு உடைந்த மொழிகள் ஒன்றையொன்று நன்றாக விளங்கிக்கொள்ளும். இந்த மொழியில் நீ, நீங்கள் என்று பிரித்துக் கதைப்பதில்லை. அதனால் என்னைவிட மூத்த பெண் ஒருத்தியை நான் வாழ்க்கையில் முதல் தடவையாக 'நீ' என்று கூப்பிட்டுக் கதைத்தது அவளோடுதான்.

குளிர் தொடங்கிய நாட்களில் அவள் உப்பைக் கூட்டிப் போடத் தொடங்கினாள். ஒரு நாள் முழுப்பானை சூப்பையும் வெளியே ஊற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் சொன்னாள்.

"என் தங்கையின் மகன். கோடையில் ஆமிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அவன் சாவ்னெத்."

அந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாவ்னெத் என்றால் இங்கே காணாமல் போனவர். ஒருவரைப் பிரிந்து ஏங்குவதற்கும் அதே சொல்தான். எங்கள் காதுக்கு அதன் தொடக்கத்தில் சாவு கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியர் என் இதயத்தைச் சோதித்துக்கொண்டே சகோதரங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்டார். தம்பி காணாமல் போய்விட்டான் என்று சொல்ல முயன்றேன். வசனத்தை எங்கேயோ பிழையாகப் பூட்டிவிட்டேன். அவர் என் தோளில் தட்டி, "சகோதரனை நினைத்து ஏங்குவது இயல்புதான், வரும் கோடையில் ஒருதரம் போய்ப் பாருங்கள்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கலீனாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உனக்கும் இருக்கிறானா?" என்று மட்டும் கேட்டாள்.

3

எனக்கும் இருக்கிறான். தயாளன், எங்கள் கடைக்குட்டி. கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையின் லொறி ஓட்டினவன். அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போகிறவன். 2009இன் தொடக்கத்தில், சனம் கடற்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பதுங்குகுழி வெட்ட விட்டார்களாம். துவக்குக் கொடுத்துச் சண்டைக்கு விட்டார்களா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. அங்கே அவனோடு இருந்த எங்கள் அக்கா பிள்ளைகளோடு வெளியே வந்தா. அவன் வரவில்லை. வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தவர்களோடு அவனை பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு முதலே செல் குண்டு விழுந்த இடத்தில் கிடக்கக் கண்டதாக இன்னொருவர் சொன்னார்.

அவன் எந்தக் கணக்கில் வருவான்? பொதுமக்களின் பெயர்களைச் சேர்க்க வந்தவர்கள், அவன் கடைசியில் இயக்கத்தில் இருந்தானே என்று தயங்கினார்கள். ஒஸ்லோ மண்டபத்தில் வைக்கிற படங்களில் சீருடை போட்டவர்கள் இருப்பார்கள். அவனிடம் சீருடைப் படம் ஒன்றும் இல்லை. அரசாங்கம் ஒரு காலத்தில் பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்றே சொன்னது. பிறகு மேடைகளில் பெரிய பெரிய எண்கள் கேட்டன. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். அந்த எண்களில் எதைக் கேட்டாலும் அதற்குள் தயா இருக்கிறானா, அவனைச் சேர்க்காமல் சொன்ன எண்ணா என்றுதான் எனக்கு யோசனை போகும்.

அக்கா கச்சேரி கச்சேரியாக, அரசாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தா. ஒரு இடத்தில் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். இன்னொரு இடத்தில், பின்னாட்களில், காணாமற்போனதற்கென்றே ஒரு சான்றிதழ் இருக்கிறது என்றார்கள். அக்கா இரண்டையும் வாங்கவில்லை. காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டுப் போட்ட வீதியோரத் தகரப் பந்தலில் தயாவின் படத்தோடு மற்றத் தாய்மாரோடும் சகோதரிகளோடும் போய் இருக்கிறா. நான் ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பேன். "ஏதும் தெரிஞ்சுதோ அக்கா?" என்று கேட்பேன். "ஒண்டும் இல்லைத் தம்பி" என்பா. பிறகுதான் மற்றக் கதைகள்.

4

தை மாதத்தில் ஒரு நாள் கலீனா கை துடைக்கிற துவாயைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஆரணி செய்கிற வேலையைப் பற்றி முன்னரே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"உன் மகளிடம் கேட்க முடியுமா? அவன் பெயர் அதில் இருக்கிறதா என்று. வேரா ஆமி அலுவலகத்துக்குப் போனால் காத்திரு என்கிறார்களாம். வேறு ஒன்றும் சொல்வதில்லையாம்."

அந்த ஞாயிறு ஆரணியிடம் கேட்டேன். அவள் உடனே பார்க்கவில்லை.

"அப்பா, பேர் இருந்தா நான் அவவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நான் சொல்லுறன். நீ பார்."

பார்த்தாள். பெயரைப் பல விதமாக அடித்துப் பார்த்தாள். ஊரின் பெயரிலும் தேடினாள். மனைவியும் நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்லை," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் அதைக் கண்டுவிட்டாள். "அப்பா, லிஸ்ட்டில இல்லையெண்டா உயிரோட இருக்கிறார் எண்டு அர்த்தமில்லை. எங்களுக்குத் தெரியவந்த ஆக்கள் மட்டும்தான் இதுக்குள்ள. தெரியாத ஆக்கள் எத்தினையோ பேர். அதையும் அவவுக்குச் சொல்லுங்கோ. கட்டாயம் சொல்லுங்கோ."

சொன்னேன். திங்கட்கிழமை காலை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, முதலில் இல்லை என்றும் பிறகு மற்றதையும் சொன்னேன். முதல் வசனத்துக்குப் பிறகு அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு அங்கேயே நின்று வேராவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ரஷ்ய மொழியில் வேகமாகச் சொன்னாள். அந்தோன் என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. மற்றப் பக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெண்ணின் தாழ்ந்த குரல் கேட்டது.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"உனக்கும் உன் மகளுக்கும் நன்றி சொல்கிறாள்," என்றாள் கலீனா. அழுதுகொண்டே சிரித்தாள். அன்று சூப்பில் உப்பு அளவாக இருந்தது.

5

பனி உருகத் தொடங்கியபோது கலீனா இரண்டு நாட்கள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். உடுப்பு மாற்றுகிற அறையில் வாங்குப் பலகையில் இருந்தபடி சொன்னாள். அவளுடைய ஊரில் சந்தைக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் குண்டு விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வேரா அங்கே நின்றிருக்கிறாள்.

அன்றைக்கே தொலைக்காட்சியில் சொன்னார்களாம். மாகாணத் தலைவர் கறுப்பு உடுப்போடு வந்து, எத்தனை பொதுமக்கள் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்லி, வேராவின் பெயரையும் வயதையும் வாசித்து, குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்திருக்கிறார். அந்தக் காணொளியைக் கலீனா எனக்குக் காட்டினாள். "குடும்பம் என்றால் நான்தான். எனக்கு ஒருவரும் எடுக்கவில்லை," என்றாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வந்தது. விசா, சுற்றிப் போகிற விமானங்கள் என்று அலைந்து முடிவதற்குள் வேராவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

மேலதிகாரியிடம் துக்க விடுமுறை கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். தங்கைக்கு எத்தனை நாள் கொடுக்கலாம் என்று அந்த மனுஷி கணினியில் தேடிப் பார்த்தா. நல்ல மனுஷிதான். கடைசியில், "எங்கே நடந்தது, உக்ரைனிலா?" என்று கேட்டா. கலீனா இல்லை என்றாள். ரஷ்யாவில் என்றாள். அந்த அறையில் அதற்குப் பிறகு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு நான் ஆரணிக்குச் சொன்னேன். வேராவின் அடக்கப் படம் எங்கேயாவது கிடைத்தால் கலீனாவுக்குக் காட்டலாம் என்றேன். அது மட்டும்தான் என் எண்ணம். ஆரணி அன்று பின்னேரம் வரைக்கும் தேடினாள். எங்கள் வரவேற்பறையில் சம்மணம் கட்டி இருந்து தேடினாள். திடீரென்று, "அப்பா, இஞ்சை வாங்கோ" என்றாள்.

அந்த ஊரின் இணையப் பக்கம் ஒன்றில் யாரோ போட்ட படம். புதிய மண்மேடு, சிலுவை, வேராவின் முகம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மேடு. அது பழையது. மலர்வளையத்தின் நிறம் வெளிறியிருந்தது, மண் இறுகியிருந்தது. சிலுவையில் ஒரு இளம் பெடியனின் படம், சீருடையில். ஆரணி படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளை மெதுவாக வாசித்தாள். பெயர் அந்தோன். செத்த திகதி இலையுதிர் காலத்தில்.

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. நாங்கள் தை மாதத்தில் இல்லை என்று சொன்னபோது அவன் ஏற்கெனவே அந்த மண்ணுக்குள் கிடந்தான். அறிவித்தல் ஒன்றும் போடாமல் தாய் அவனை அடக்கம் செய்திருக்கிறாள். அதற்குப் பிறகும் தமக்கையிடம் அவன் காணாமல் போனான் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தமக்கை சந்தோஷமாகத் தொலைபேசி எடுத்து அவன் பெயர் இல்லையாம் என்று சொன்னபோது, எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

தாயை அன்றே எண்ணினார்கள், தொலைக்காட்சியில், பெயரோடு. அவளுடைய சாவு அந்த அரசாங்கத்துக்குப் பயன்பட்டது. மகனுடைய சாவு பயன்படவில்லை. தாய் செத்திருக்காவிட்டால் அவனை என் மகளும் கண்டிருக்கமாட்டாள்.

ஆரணி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "நான் இதைச் சேர்க்கவேணும் அப்பா. ஆனா முதல் அவவுக்குச் சொல்லவேணும்," என்றாள்.

6

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் ஹவுகெட்டோவுக்கு ரயிலில் போனோம். வழி முழுக்க ஆரணி சின்ன வயதில் செய்கிற மாதிரி என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கலீனா தேநீர் வைத்தாள், கேக் வெட்டினாள். ஆரணி ரஷ்ய மொழியில் கதைத்தாள். என் மகள் அந்த மொழியில் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையாகக் கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. படத்தைக் காட்டினாள். கலீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு எனக்கும் விளங்க வேண்டுமென்று நோர்வே மொழியில் கேட்டாள்.

"உங்கள் பட்டியலில் என்ன எழுதுவீர்கள்?"

"பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இறந்த நாள்," என்றாள் ஆரணி.

"அவன் அங்கே என்ன செய்தான் என்று எழுதுவீர்களா?"

"இல்லை."

"நல்லது," என்றாள் கலீனா. கொஞ்சம் பொறுத்து, "அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. மற்றப் பக்கத்தில் செத்தவர்களை எண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள்."

"அதுவும் நல்லது."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "அவள் ஏன் எனக்குச் சொல்லவில்லை, சிவா? ஒவ்வொரு கிழமையும் நான் கேட்டேன். ஒவ்வொரு கிழமையும் இல்லை, இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஏன்?"

 ஆரணி தலையைக் குனிந்துகொண்டாள். கலீனா கேக்கை ஒரு பெட்டியில் போட்டு எங்களுக்குத் தந்தாள். அழவில்லை. நாங்கள் படியிறங்கும்போது கதவு பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அவள் கதவடியிலேயே நின்றிருக்க வேண்டும்.

ரயில் நிலையத்தில் ஆரணி கேட்டாள். "அப்பா, சித்தப்பாவின்ரை பேரை ஆர் எழுதி வைச்சிருக்கினம்?"

"ஒருத்தரும் ஒழுங்கா எழுதேல்லை."

"மாமியிட்டைக் கேக்கலாமே. மாமிக்குத்தானே எல்லாம் தெரியும்."

மாமி என்றது என் அக்காவை; அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாமிக்கு எல்லாம் தெரியும்.  ஞாயிறு தோறும் நான் கேட்பதும், ஒண்டும் இல்லைத் தம்பி என்று அக்கா சொல்வதும் எத்தனை ஆண்டுகளாக நடக்கின்றன. அக்கா அந்தக் கடற்கரையில் கடைசிவரைக்கும் நின்றவ. ஒரு நாளும் கண்டதைச் சொன்னதில்லை. நானும் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

7

அதனால்தான் மண்டபத்துக்குப் போகவில்லை. மேடையில் எண்ணைச் சொல்லும்போது அங்கே நிற்க என்னால் முடியாது என்று தெரிந்தது. பதினெட்டாம் திகதி காலை வீட்டிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மத்தியானம். அவவும் முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தா. கால் உளைவதாகச் சொன்னா.

கலீனாவின் கதையைச் சொன்னேன். வேரா யார், அந்தோன் யார், அந்தப் படத்தில் என்ன இருந்தது, எல்லாம் சொன்னேன். அக்கா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக என்றால் பத்துக் கேள்வி கேட்பா.

"அக்கா, தயாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

மின்விசிறியின் சத்தம் கேட்டது. வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. வைத்துவிட்டாவோ என்று நினைத்தேன்.

"தெரிஞ்சா நீ என்ன செய்வாய் தம்பி?"

 என்ன செய்வேன் என்று உண்மையாகவே தெரியவில்லை.

"பந்தலில இருக்கிற எல்லாருக்கும் ஏதோ ஒண்டு தெரியும்," என்றா அக்கா. "தெரியாமலே அங்கை இருக்கிறம் எண்டு நினைக்காதை. நாங்கள் செத்திட்டான் எண்டு சொன்னா, கொண்டுபோனவங்கள் பேர் எழுதின கொப்பியை மூடிப்போடுவாங்கள். பிறகு ஆரிட்டைக் கேக்கிறது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"உனக்குச் சொன்னா, பிறகு ஞாயிற்றுக்கிழமையில என்னட்டை அவனைப் பற்றி ஆர் கேக்கிறது? இஞ்சை ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீ ஒருத்தன்தான் கேக்கிறாய். அதை விட்டிடாதை."

  பிறகு சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டா.

அடுத்த ஞாயிறு வந்தது. ஆரணி சாப்பிட வந்திருந்தாள். மனைவி குசினிக்குள் நின்றாள். நான் அக்காவுக்கு எடுப்பேனா என்று இருவரும் கேட்கவில்லை. எடுத்தேன்.

"ஏதும் தெரிஞ்சுதோ அக்கா?"

"ஒண்டும் இல்லைத் தம்பி," என்றா.